ஹீத்ரோ முதல் தணிகைப் படி வரை: தூரமும் நேரமும்

திருத்தணி முருகனைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை மணி நேரம் ஆகும்?" என்றுதான். லண்டன்காரர்களுக்கு டிக்கெட்டிலேயே ஒரு விடை இருக்கும்: பத்தேகால் மணி நேரம், கொஞ்சம் முன்னே பின்னே. அந்த எண்ணை வைத்துத்தான் பலரும் திட்டம் போடுகிறார்கள். விடியற்காலை சென்னையில் இறங்குவது, பத்து மணிக்கு மலையில் தரிசனம், மாலையில் காஞ்சிபுரம், மறுநாள் பழனி. கூட வருகிற அம்மாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, பேரப்பிள்ளை விமானத்தில் கண் மூடவே இல்லை என்பதெல்லாம் அந்தத் திட்டத்தில் எங்கும் இருக்காது.

விமான நேரம் என்பது பயணத்தில் ஏறக்குறைய பாதிதான். மிச்சப் பாதியையும் கணக்கில் கொண்டுவருவதே இந்த அத்தியாயத்தின் வேலை. உதாரணத்துக்கு லண்டன் ஹீத்ரோ – சென்னை வழியை எடுத்துக்கொள்கிறேன். ஈஸ்ட் ஹாமிலும் ஹைகேட்டிலும் முருகனுக்குக் கோயில் கட்டிக் கும்பிடுகிற தமிழர்கள் ஊருக்கு வருகிற வழி அது. டொரண்டோ, சிட்னி, சிங்கப்பூர், கோலாலம்பூர் எண்களும் இடையிடையே வரும். கணக்கு போடும் முறை எல்லாருக்கும் ஒன்றுதான்.

வானத்துத் தூரம்

ஹீத்ரோவுக்கும் சென்னை மீனம்பாக்கத்துக்கும் இடையே மிகக் குறுகிய தூரம் சுமார் 8,230 கிலோமீட்டர். இதே தூரத்தை ஓரிடத்தில் 5,100 மைல் என்றும் இன்னோரிடத்தில் 4,450 மைல் என்றும் பார்த்துக் குழம்ப வேண்டாம். முதலாவது சாலையில் நாம் அறிந்த மைல், 1.609 கிலோமீட்டர். இரண்டாவது கப்பலும் விமானமும் பயன்படுத்துகிற கடல் மைல், 1.852 கிலோமீட்டர். பாதை ஒன்றேதான்.

மிகக் குறுகிய தூரம் என்றேன். சுவரில் தொங்கும் உலகப் படத்தில் லண்டனையும் சென்னையையும் அடிக்கோல் வைத்து இணைத்தால் கோடு ஆல்ப்ஸ், பால்கன் நாடுகள், துருக்கி, ஈராக், பாரசீக வளைகுடா, அரபிக்கடல் வழியாக இறங்கும். அது குறுக்கு வழி இல்லை. பிள்ளைகளின் உலக உருண்டையை எடுத்து, ஒரு நூலின் ஒரு முனையை லண்டனிலும் மறுமுனையைச் சென்னையிலும் வைத்து இழுத்துப் பிடியுங்கள். நூல் வேறு வழியில் போகும். லண்டனிலிருந்து கிட்டத்தட்ட நேர்கிழக்கே புறப்பட்டு, ஜெர்மனி, போலந்து, உக்ரைன் வழியாகக் கருங்கடல் ஓரம் வந்து, காகசஸ் மலைகளைத் தாண்டி, காஸ்பியன் கடல், ஈரான், பாகிஸ்தான், கட்ச், மகாராஷ்டிரம் என்று வளைந்து சென்னைக்கு இறங்கும். பூமி உருண்டை என்பதால் வருகிற வித்தியாசம் இது. படத்துக் கோட்டில் பறந்தால் சுமார் 250 கிலோமீட்டர் கூடிவிடும்.

ஆனால் நூல் காட்டுகிற வழியில் இன்றைக்கு விமானம் போக முடியாது. 2022 பிப்ரவரியில் போர் மூண்டதிலிருந்து உக்ரைன் வான்வழி மூடிக் கிடக்கிறது. பிரிட்டிஷ், ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வான்வழியும் அடைப்பு. ஈரான், ஈராக் மேலே பதற்றம் கூடும் நாட்களில் அங்கேயும் சுற்ற வேண்டியிருக்கிறது. இந்திய விமான நிறுவனங்களுக்குப் பாகிஸ்தான் தன் வான்வழியை 2019இல் சில மாதங்கள் மூடியது. 2025 ஏப்ரலில் மறுபடியும் மூடியது. ஆகவே 8,230 என்பதை அடித்தளக் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் விமானம் அன்றைக்குப் பறக்கும் தூரம் அதைவிடச் சில நூறு கிலோமீட்டர் கூடத்தான் இருக்கும். இருக்கைத் திரையில் ஓடும் படத்தில் விமானம் தெற்கே விலகிப் போவதைப் பார்த்து அம்மா பயந்தால், காரணத்தைச் சொல்லுங்கள்.

மற்ற ஊர்களிலிருந்து சென்னைக்கு உள்ள தூரம் இப்படி: கொழும்பிலிருந்து சுமார் 650 கிலோமீட்டர், கோலாலம்பூரிலிருந்து 2,630, சிங்கப்பூரிலிருந்து 2,920, மொரீஷியஸிலிருந்து 4,460, பாரிஸிலிருந்து 8,020, சிட்னியிலிருந்து 9,130, டொரண்டோவிலிருந்து 13,390. டொரண்டோ வழியை உருண்டையில் நூல் பிடித்துப் பார்ப்பது ஓர் அனுபவம். கனடாவிலிருந்து வடக்கே ஏறி, கிரீன்லாந்தைக் கடந்து, நார்வேயின் வடமுனையைத் தொட்டுத்தான் தமிழ்நாட்டுக்குக் கீழே இறங்கும்.

தூரத்தை நேரமாக்குவது

பயணிகள் விமானம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மணிக்கு 900 கிலோமீட்டர் அளவில் பறக்கிறது. ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் இருக்காது. டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரமோ, விமானம் வாயிலை விட்டு நகர்ந்த நிமிடத்திலிருந்து போய்ச் சேரும் ஊரில் வாயிலில் நிற்கும் வரை உள்ள நேரம். ஹீத்ரோ போன்ற நெருக்கடியான நிலையத்தில் ஓடுபாதைக்கு வரிசையில் ஊர்ந்து போவதற்கே இருபது நிமிடம் பிடிக்கும். அதுவும் இதில் அடக்கம்.

மனக்கணக்குக்கு நான் சொல்கிற வழி: கிலோமீட்டரை 850ஆல் வகுத்து, அரை மணி நேரம் கூட்டுங்கள். சிங்கப்பூருக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம் வரும். கொழும்புக்கு ஒன்றேகால். லண்டனுக்குப் பத்தேகால். விமான நிறுவனங்கள் அறிவிக்கிற நேரத்துக்கு இது கிட்டத்தில் வந்து நிற்கும்.

இந்தக் கணக்கு லண்டனிலிருந்து வரும்போதுதான் பொருந்தும். திரும்பிப் போகும்போது அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை கூடும். காரணம் காற்று. நடு அகலக்கோடுகளில், விமானம் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றோட்டம் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஜெட் ஓட்டம் என்பார்கள். மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் சாதாரணம். 300ஐத் தாண்டுவதும் உண்டு. நாம் வரும்போது அது முதுகில் தள்ளும், போகும்போது முகத்தில் மோதும். குளிர்காலத்தில் அது வட இந்தியாவுக்கு மேலேயே வந்து உட்கார்ந்துகொள்வதால், டிசம்பர், ஜனவரியில் திரும்பும் பயணம்தான் வருடத்திலேயே நீளமானது. ஆடி மாதத்தில் ஜெட் ஓட்டம் வடக்கே விலகித் தளர்ந்துவிடும். அப்போது தென்னிந்தியாவுக்கு மேலே, இன்னும் உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக வேறொரு காற்று வீசும். பருவமழையோடு வந்து பருவமழையோடு போகும் இந்தக் கீழைக் காற்றை 1958இல் உலகுக்கு எடுத்துக் காட்டியவர் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் பி.கோடேஸ்வரம். நம் ஊருக்கு மேலே ஓடும் காற்றை நம்மவர் ஒருவர் கண்டு சொன்னார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இங்கே எழுதுகிறேன்.

இந்தப் பத்தேகால் மணி நேரத்தைப் பழைய காலத்துப் பயணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். திருத்தணியில் 1888இல் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1936இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அந்தக் காலத்தில் இங்கிலாந்துப் பயணம் என்றால் கப்பல்தான். பம்பாயிலிருந்து சூயஸ் வழியாக இரண்டு வாரத்துக்கு மேல். விமானத்தில் கடிதம் வரத் தொடங்கியிருந்தது: இம்பீரியல் ஏர்வேஸ் 1929இல் லண்டன் – கராச்சி தபால் விமானம் விட்டது, 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி.டாட்டா அதைக் கராச்சியிலிருந்து அகமதாபாத், பம்பாய், பெல்லாரி வழியாகச் சென்னை வரை இணைத்தார். அன்று கடிதத்துக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆன தொலைவை நாம் ஒரு பகலுக்கும் ஓர் இரவுக்கும் நடுவே கடக்கிறோம்.

கடிகாரக் கணக்கு

டிக்கெட்டில் இருக்கும் புறப்பாடு, வருகை நேரங்கள் அந்தந்த ஊர் நேரம். இரண்டையும் கழித்துப் பார்த்துவிட்டு "பதினாறு மணி நேரமா!" என்று திகைப்பவர்கள் உண்டு. இந்தியாவுக்கு ஆண்டு முழுதும் ஒரே நேரம். லண்டன் மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி, அக்டோபர் கடைசி ஞாயிறு பழையபடி வைக்கிறது. எனவே ஆடிக்கிருத்திகைக்கு வருகிறவருக்கு இந்தியா நாலரை மணி நேரம் முந்தி. புத்தாண்டுப் படித்திருவிழாவுக்கு வருகிறவருக்கு ஐந்தரை. டொரண்டோவுக்குக் கோடையில் ஒன்பதரை, குளிரில் பத்தரை. சிங்கப்பூரும் மலேசியாவும் நம்மைவிட இரண்டரை மணி முந்தி. சிட்னிக்கு நாலரை, அங்கே கோடை நேரம் வைத்தால் ஐந்தரை.

டிசம்பரில் லண்டனிலிருந்து பகல் ஒரு மணிக்குக் கிளம்பினால் அப்போது சென்னையில் மாலை ஆறரை. பத்தேகால் மணி நேரம் கூட்டினால் அதிகாலை நாலே முக்கால். விமான நிலைய வாசலில் கோழி கூவும் நேரம். உங்கள் உடம்புக்கு இரவு பதினொன்றேகால். படுக்கப் போகிற நேரத்தில் நாள் தொடங்குகிறது. கிழக்கு நோக்கிய பயணம் மேற்கு நோக்கியதைவிட உடம்பைப் படுத்துவது இதனால்தான். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்ற அளவில்தான் உடம்பு புதிய நேரத்துக்குப் பழகும்.

எங்கே இறங்குவது

வரைபடத்தைப் பார்த்தால் திருத்தணிக்கு அருகில் இருப்பது ரேணிகுண்டாவில் உள்ள திருப்பதி விமான நிலையம். புத்தூர், நகரி வழியாகச் சாலையில் சுமார் 60 கிலோமீட்டர். சென்னை விமான நிலையத்திலிருந்து 85 முதல் 90. ஆனாலும் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்குச் சென்னையைத்தான் சொல்வேன். திருப்பதிக்கு டெல்லி, ஹைதராபாத், பெங்களூரு போன்ற ஊர்களில் மாறித்தான் வர வேண்டும். லண்டன் – டெல்லி 6,730 கிலோமீட்டர் பறந்து, அங்கே குடிநுழைவு முடித்து, பெட்டியை எடுத்துச் சுங்கம் தாண்டி, மறுபடி உள்நாட்டு விமானத்துக்குப் பெட்டியைப் போட வேண்டும். முப்பது கிலோமீட்டர் சாலைப் பயணத்தை மிச்சம்பிடிக்க நான்கைந்து மணி நேரத்தைச் செலவழிப்பதாக முடியும்.

திருப்பதி தரிசனமும் சேர்த்து வைத்திருக்கிறவர்களுக்கு இது மாறும். திருமலையை முதலில் முடித்துக்கொண்டு, தெற்கே இறங்கி, தணிகையைப் பார்த்துவிட்டுச் சென்னையில் விமானம் ஏறுவது நல்ல ஒழுங்கு. ஆந்திரப் பதிவு எண் கொண்ட டாக்சியில் வந்தால், எல்லை தாண்டுவதற்கான பர்மிட் பணம் பேசிய தொகைக்குள் சேர்ந்ததா என்று கிளம்பும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் திருத்தணி. ம.பொ.சி. நடத்திய வடக்கெல்லைப் போராட்டமும் படாஸ்கர் குழுவின் தீர்ப்பும் அதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தன. எல்லை இன்றும் சில கிலோமீட்டர் தொலைவுதான், கடைப் பலகைகளில் தெலுங்கும் தமிழும் சேர்ந்தே நிற்கும்.

திட்டத்தில் இருக்கும் பரந்தூர் விமான நிலையம் வந்தால் திருத்தணிக்கு இன்னும் பக்கம். ஆனால் அங்கே ஓடுபாதை இன்னும் வரவில்லை. தங்கள் வயலையும் ஏரியையும் விட மாட்டோம் என்று ஏகனாபுரத்து மக்கள் 2022 முதல் போராடிவருகிறார்கள். இன்றைய பயணத்துக்கு மீனம்பாக்கமே கதி.

அடுத்தது, நேரடி விமானமா, வழியில் மாறுவதா? லண்டன் – சென்னை நேரடிச் சேவையை நெடுங்காலமாக நடத்திவருவது பிரிட்டிஷ் ஏர்வேஸ். வளைகுடா நிறுவனங்களில் துபாயிலோ தோஹாவிலோ மாறலாம். மாறினால் ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறோம் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. கணக்கு வேறு சொல்கிறது. லண்டன் – துபாய் 5,500, துபாய் – சென்னை 2,930, கூட்டினால் 8,430. நேர்வழியைவிட 200 கிலோமீட்டர்தான் கூடுதல், கால் மணி நேரப் பறப்பு. சிட்னியிலிருந்து சிங்கப்பூர் வழியாக வந்தால் கூடுவது நூறு கிலோமீட்டருக்குள். டொரண்டோவிலிருந்து துபாய் வழி வந்தால் 14,000ஐச் சற்றுத் தாண்டும்; 13,390க்கு அது ஐந்து சதவீதம்கூட அதிகமில்லை.

கூடுவது தரையில் உட்கார்ந்திருக்கும் நேரம். இடைநிறுத்தம் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறைந்தால் முதல் விமானத்தின் தாமதம் இரண்டாவதைத் தவறவிடச் செய்யும். ஐந்து மணி நேரத்துக்கு மேல் போனால் வயதானவர்களுக்குக் கால் வீங்கிவிடும். இரண்டரை மூன்று மணி நேரம் கிடைத்தால் அதுவே நல்லது. நடக்கலாம், முகம் கழுவலாம், மாத்திரை போடலாம். விலை குறைவு என்பதற்காக இரண்டு நிறுவனங்களில் தனித்தனி டிக்கெட் வாங்காதீர்கள். முதலாவது தாமதமானால் இரண்டாவதன் காசு போனது போனதுதான். ஒரே டிக்கெட்டாக இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு அவர்களுடையது. நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்குச் சக்கர நாற்காலியை 48 மணி நேரத்துக்கு முன்பே சொல்லி வைத்தால் இடைநிறுத்தத்தில் ஆள் வந்து நிற்பார்.

வீட்டு வாசலிலிருந்து மலையடிவாரம்

இப்போது முழுக் கணக்கு. ஈஸ்ட் ஹாமில் ஒரு குடும்பம். பகல் ஒரு மணி விமானத்துக்குப் பத்து மணிக்கு ஹீத்ரோவில் இருக்க வேண்டும். ரயிலில் ஒன்றரை மணி நேரம். காலை எட்டரைக்கு வீட்டைப் பூட்டினால் அப்போது இந்தியாவில் பகல் இரண்டு மணி. நாலே முக்காலுக்குச் சென்னையில் விமானம் நிற்கிறது. 2023 ஏப்ரலில் திறந்த புதிய முனையம் பழையதைவிட விசாலம். இருந்தாலும் அதிகாலையில் சிங்கப்பூர், வளைகுடா விமானங்களும் சேர்ந்து இறங்கும்போது குடிநுழைவு வரிசை நீளும். பெட்டி வந்து, சுங்கம் தாண்டி வெளியே வர ஒன்றரை மணி நேரம் வையுங்கள்: ஆறேகால். பூந்தமல்லி, திருவள்ளூர் வழியாகக் காரில் இரண்டரை மணி நேரம். திருத்தணி மலையடிவாரத்தில் எட்டே முக்கால்.

பகல் இரண்டிலிருந்து மறுநாள் எட்டே முக்கால் வரை: பதினெட்டே முக்கால் மணி நேரம். அதில் விமானத்தில் இருந்தது பத்தேகால். வழியில் ஓரிடத்தில் மாறி வந்தவர்களுக்கு இது இருபத்திரண்டு, இருபத்து மூன்று ஆகும். டொரண்டோக்காரர்களுக்கு முப்பதை எட்டும்.

இந்த நேரத்தில் டிரைவர் கேட்பார்: "சார், மேல போயிடலாமா, ரூமுக்கா?" பெட்டிகள் காரில், பிள்ளை மடியில் தூங்குகிறது, மலை கண்ணெதிரே. மேலே போய்விடலாம் என்றுதான் வாய் வரும். வேண்டாம். அடிவாரத்திலேயே அறை எடுத்து, குளித்து, இட்லி சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் படுத்துவிட்டு, மாலையில் வெயில் தாழ்ந்த பிறகு ஏறுங்கள். காலையில் நேரம் போய்விட்டால் மலைப் படிகளின் கல் சுடத் தொடங்கிவிடும். செருப்பில்லாத கால், அதுவும் குளிர்நாட்டில் பழகிய கால், பொறுக்காது. படிகள் 365, ஆண்டின் நாளுக்கு ஒன்று. இளையவர்கள் ஏறட்டும். பத்து மணி நேரம் உட்கார்ந்தே வந்து கணுக்கால் வீங்கியிருக்கும் பெரியவர்கள் அன்றைக்குப் படி ஏற வேண்டியதில்லை. மேலே வரை கார் போகிறது. விமானத்திலேயே இரண்டு மணி நேரத்துக்கொரு முறை எழுந்து நடக்கச் சொல்லி, தண்ணீர் குடிக்க வையுங்கள். நீண்ட நேரம் அசையாமல் உட்கார்ந்தால் காலில் இரத்தம் கட்டும். இதய நோய், சர்க்கரை உள்ளவர்கள் கிளம்பும் முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கார் வேண்டாதவர்களுக்கு ரயில் இருக்கிறது. விமான நிலையத்திலிருந்தே மெட்ரோ ஏறி சென்ட்ரலில் இறங்கினால், அங்கிருந்து அரக்கோணம் வழியாகத் திருத்தணி வரை மின்சார ரயில் போகிறது. அரக்கோணத்துக்கு அடுத்து 13 கிலோமீட்டர்தான் திருத்தணி. காசு மிகக் குறைவு. ஆனால் பெரிய பெட்டிகளோடு, தூக்கக் கலக்கத்தோடு, காலை நேரக் கூட்டத்தில் ஏறுவது கடினம். கைப்பையோடு வரும் தனியாளுக்கு நல்ல வழி. குடும்பத்துக்குச் சொல்ல மாட்டேன்.

எந்த நாளுக்கு டிக்கெட்

திருத்தணியின் பெருங்கூட்டம் ஆடிக்கிருத்திகை. மயில்காவடி, பால்காவடி, புஷ்பக்காவடி என்று லட்சக்கணக்கானவர்கள் மலையேறுவார்கள்; சரவணப் பொய்கையில் தெப்பம் நடக்கும். இங்கிலாந்துப் பள்ளி விடுமுறை ஜூலை இறுதியில் தொடங்குவதால் ஆடிக்கிருத்திகை பெரும்பாலும் விடுமுறைக்குள் அல்லது அதை ஒட்டி விழுகிறது. அதனாலேயே டிக்கெட் விலையும் உச்சத்தில் இருக்கும். அந்த நாட்களில் ஊருக்குள் கார் வர முடியாது. வண்டிகளை வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். மேலே சொன்ன இரண்டரை மணி நேரத்தை நான்காக ஆக்கிக்கொள்ளுங்கள். கிருத்திகைக்கு இரண்டு நாள் முன்பே ஊருக்கு வந்துவிடுவது நல்லது.

கந்தசஷ்டிக்கு வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு வர வேண்டும். முருகன் சினம் தணிந்த தலம் இது என்பதால் இங்கே சூரசம்ஹாரம் நடப்பதில்லை. அதற்குப் பதில் மலர் அர்ச்சனை. சம்ஹாரம் பார்க்க வேண்டும் என்றால் திருச்செந்தூர் போக வேண்டும், அதற்கு டிக்கெட்டையே தூத்துக்குடிக்கோ மதுரைக்கோ போட்டிருக்க வேண்டும். அந்தப் பருவத்தில் வடகிழக்கு மழையும் சேர்ந்துகொள்ளும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் நாள் கணக்கில் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கும், 2024 நவம்பர் இறுதியில் ஃபெங்கல் புயலுக்கும் ஓடுபாதையை மூடினார்கள். அப்படிப்பட்ட நாளில் விமானத்தைப் பெங்களூருக்குத் திருப்பிவிடுவார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் நடு வரை வருகிறவர்கள் இறங்கும் நாளுக்கும் மலையேறும் நாளுக்கும் இடையே ஒரு முழு நாளைச் சும்மா விட்டு வையுங்கள்.

டிசம்பர் 31 இரவுப் படித்திருவிழா, தூர தேசத்தார் திட்டமிடுவதற்கு ஏற்ற நாள், தேதி மாறாது. ஒவ்வொரு படிக்கும் பூஜை செய்து, திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறும் இந்த வழக்கத்தைத் தொடங்கிவைத்தவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். ஆங்கிலப் புத்தாண்டில் வெள்ளைக்கார அதிகாரிகளைப் போய்ப் பார்ப்பதற்குப் பதில் தணிகை துரையைப் பார்க்கப் போவோம் என்று அடியார்களை அழைத்துப் போனார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் விலை ஏறிக் கிடக்கும். 27, 28 தேதிகளில் வந்து இறங்கினால் விலையும் தணியும், உடம்பும் மூன்று நாளில் ஓரளவு பழகிவிடும். நள்ளிரவில் விழித்திருக்கும் விழா என்பதால், லண்டன் நேரத்தை இன்னும் முழுதாக விடாத உடம்புக்கு அன்றைக்கு ஒரு வசதிகூட உண்டு. பொங்கல் வரை தங்கிப் போகிறவர்கள் போகியன்று காலை விமானத்தைத் தவிர்த்துவிடுங்கள். எரிப்பின் புகையும் மார்கழிப் பனியும் சேர்ந்து ஓடுபாதையை மறைத்து, விமானங்கள் தாமதமாவது சென்னைக்குப் பழகிப்போன ஒன்று.

திரும்பும்போது

பன்னாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு நிலையத்தில் இருக்க வேண்டும். திருத்தணியிலிருந்து சாலைக்கு இரண்டரை. திருவள்ளூரிலோ பூந்தமல்லியிலோ ஒரு லாரி கவிழ்ந்தால் அதற்கும் இடம் வேண்டும். ஆக, விமானம் புறப்படும் நேரத்துக்கு ஏழு மணி நேரம் முன்பு ஊரை விட்டுக் கிளம்புங்கள். அதிகாலை விமானம் என்றால் முந்தைய இரவே சென்னைக்கு வந்து, நிலையத்தின் பக்கத்தில் தங்கிவிடுங்கள். இரவு ஒரு மணிக்குத் திருத்தணியில் வண்டி ஏறி, தூக்கக் கலக்கத்தில் ஓட்டும் டிரைவரை நம்பி வருவது எந்தக் கணக்கிலும் லாபமில்லை. லண்டன் பக்கத்திலும் தடங்கல் வரலாம்: 2025 மார்ச் 21 அன்று மின் நிலையத் தீயால் ஹீத்ரோவே பெரும்பகுதி நாள் மூடிக் கிடந்தது. திரும்பிய மறுநாள் காலையே வேலைக்குப் போவதாக யாரிடமும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

பெட்டி கட்டும்போது: பஞ்சாமிர்தம் 100 மில்லிலிட்டருக்கு மேல் இருந்தால் கைப்பையில் விட மாட்டார்கள், பெரிய பெட்டியில், இரண்டு பிளாஸ்டிக் உறை போட்டு வையுங்கள். பித்தளை வேல் சிறியதானாலும் பெரிய பெட்டிக்குத்தான். விபூதி கடைப் பெயர் உள்ள பொட்டலமாக இருந்தால் கேள்வி குறையும். காவடியில் கட்டிய மயிலிறகு மட்டும் வேண்டாம். இந்தியாவிலிருந்து மயிலிறகு ஏற்றுமதிக்குத் தடை உண்டு. சுங்கத்தில் எடுத்தால் பெட்டியோடு நிறுத்திவிடுவார்கள், விமானம் போய்விடும். ஆசையாய் எடுத்து வைத்திருக்கும் பிள்ளையிடம் முந்தைய நாளே சொல்லி, மலையிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.